ஜெர்மனியின் கோட்டிங்கனில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏன் ஒரு சிலைக்கு முத்தம் கொடுக்கிறார்கள்?

பழைய நகர மன்றத்தின் முன்னால் நீரூற்று ஒன்று இருக்கிறது. அதன் நடுவே வாத்துகளோடு நிற்கும் வெண்கலச் சிறுமிக்கு ஊரார் வைத்த பெயர் கேன்ஸலீஸல், அதாவது வாத்து மேய்க்கும் லீஸல். 1901-இல் நிறுவினார்கள்.

ஆரம்பத்தில் முத்தமிட்டவர்கள் முனைவர்கள் இல்லை. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள்தான். நீரூற்றில் ஏறி இரவெல்லாம் கூச்சல் போட்டதால் 1926-இல் தடையே வந்தது. மாணவர் ஒருவர் வழக்குப் போட்டும் தோற்றார். ஆனாலும் பழக்கம் நிற்கவில்லை. காலப்போக்கில் அது முனைவர் பட்டம் வாங்குபவர்களின் உரிமையாக மாறிவிட்டது.

இன்று வாய்மொழித் தேர்வு முடிந்ததுமே கொண்டாட்டம் தொடங்கிவிடும். கூட ஆய்வு செய்பவர்கள் அட்டையில் தொப்பி செய்து தலையில் வைப்பார்கள். அதன்மேல் அவருடைய ஆய்வைக் காட்டும் சின்னஞ்சிறு பொம்மைகள் ஒட்டியிருக்கும். பிறகு அலங்கரித்த கைவண்டியில் உட்காரவைத்துச் சந்தைச் சதுக்கம் வரை இழுத்து வருவார்கள். அவர் பூங்கொத்தோடு நீரூற்றில் ஏறி, சிலைக்கு முத்தம் கொடுத்து, பூவை அங்கேயே வைத்துவிட்டு இறங்குவார். கீழே வீட்டார், நண்பர்கள், கைதட்டல். வருடக்கணக்கில் ஆய்வகத்தில் தனியாகக் கழித்த உழைப்பை ஊரே நடுத்தெருவில் நின்று பாராட்டுகிறதே, எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஒரு விஷயம்: இப்போது அங்கே நிற்பது நகல். அசல் சிலை நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.