வாசகர் கேள்வி – பதில்: உலகக் கோப்பை மேல் இருந்த அந்தப் பித்து எங்கே போயிற்று?

கேள்வி: நான்கு வருடம் காத்திருந்து, தூக்கத்தைத் தொலைத்துப் பார்த்தது உலகக் கோப்பை கால்பந்து. இப்போது 2026 போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், "பார்ப்போம்" என்று இழுக்கிறார்கள். கால்பந்தே அலுத்துவிட்டதா?

பதில்: கால்பந்து அலுக்கவில்லை. வாரம் தவறாமல் கிளப் ஆட்டம் பார்க்கிறவர்கள்தான் இப்படி இழுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். குறைந்திருப்பது "தோற்றால் போச்சு" என்ற பயம். அந்தப் பயம்தான் உலகக் கோப்பைக்கு உயிர்.

2022 டிசம்பர் 1 இரவை நினைத்துப் பாருங்கள். கத்தாரில் 'இ' பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒரு மைதானத்தில் ஸ்பெயினை ஜப்பான் 2-1 என்று முந்திவிட்டது. இன்னொரு மைதானத்தில் 70-வது நிமிடத்தில் ஜெர்மனிக்கு எதிராக கோஸ்டாரிகா 2-1. அந்த நொடியில் புள்ளிப் பட்டியலில் ஸ்பெயினும் வெளியே, ஜெர்மனியும் வெளியே. மூன்று நிமிடம் அப்படியே நின்றது. 73-வது நிமிடத்தில் ஹாவெர்ட்ஸ் சமன் செய்தார். ஜெர்மனிக்காரர் போட்ட கோலில் ஸ்பெயினுக்கு மூச்சு வந்தது. கடைசியில் ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் மூட்டை கட்டியது.

இதே இரவு, மூன்றாம் இடத்துக்கும் வாய்ப்புத் தரும் 2026 விதிப்படி நடந்திருந்தால்? ஜெர்மனி 4 புள்ளி, கோல் வித்தியாசம் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) கூட்டல் ஒன்று. மூன்றாம் இடத்துடன் நிம்மதியாக அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. 1998 முதல் 2022 வரை 32 அணிகள். முதல் சுற்றில் 48 ஆட்டங்கள் ஆடி 16 அணிகளை வெளியேற்றினார்கள். 2026-ல் 48 அணிகள். 72 ஆட்டங்கள் ஆடி வெளியேற்றப்போவதும் அதே 16 அணிகளைத்தான். கூடுதலாக 24 ஆட்டம், கூடுதல் வெளியேற்றம் பூஜ்யம். ரசிகர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் இரண்டாவது ஆட்டம் முடியும்போதே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: மூன்றாம் இடத்தில் வந்தாலும் தேறலாம் என்கிறார்கள். அந்தக் கணக்கு தலையைச் சுற்றுகிறது. எத்தனை புள்ளி எடுத்தால் போதும்?

பதில்: 12 பிரிவு, பிரிவுக்கு 4 அணி. முதல் இரண்டு இடங்களில் வருவோர் 24 பேர். மூன்றாம் இடம் பிடித்த 12 அணிகளைத் தனியாக ஒரு பட்டியலில் போட்டு, அதில் மேலே உள்ள 8 அணிகளைச் சேர்த்து 32 ஆக்குகிறார்கள். அந்தப் பட்டியலை முதலில் புள்ளி, சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் போட்ட கோல்களின் எண்ணிக்கை என்ற வரிசையில் பிரிக்க வேண்டும்.

பன்னிரண்டில் எட்டு என்பது மூன்றில் இரண்டு பங்கு. ஐரோப்பிய நாடுகள் ஆடும் யூரோ கோப்பையில், மூன்றாம் இட அணிகள் ஆறில் நான்கைத் தேற்றும் முறை 2016 முதல் இருக்கிறது. அதுவும் அதே விகிதம்தான். அதனால் அந்த அனுபவம் அப்படியே கைகொடுக்கும். அங்கே 4 புள்ளியுடன் மூன்றாம் இடம் பிடித்த எந்த அணியும் இதுவரை வெளியேறியதில்லை. 3 புள்ளி என்றால் கோல் வித்தியாசத்தைப் பொறுத்தது. யூரோ 2016-ல் நான்கு அணிகள் 3 புள்ளியுடன் மூன்றாம் இடத்தில் நின்றன. கோல் வித்தியாசம் பூஜ்யமாக இருந்த போர்ச்சுகலும் வட அயர்லாந்தும் தேறின. கழித்தல் இரண்டாக இருந்த அல்பேனியாவும் துருக்கியும் போயின. அந்தப் போர்ச்சுகல் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்துதான் வந்தது. கடைசியில் கோப்பையையும் வென்றது.

வீட்டில் பட்டியல் போடுகிறவர்கள், ஒவ்வொரு பிரிவும் முடிந்தவுடன் மூன்றாம் அணியை மட்டும் ஒரு தாளில் எழுதி, 3 புள்ளிக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோட்டுக்குக் கீழே நான்கு அணிகள் சேர்ந்துவிட்டால், மேலே உள்ள எல்லாரும் பாஸ். ஆனால் யார் யாரோடு மோதுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்கப் போகாதீர்கள். எந்த எட்டுப் பிரிவுகளிலிருந்து மூன்றாம் அணிகள் வருகின்றன என்பதற்கு மட்டும் 495 சேர்க்கைகள் உண்டு.

இந்த முறையின் பெரிய ஓட்டை நேரத்தில் இருக்கிறது. ஒரே பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும், சரி. ஆனால் பிரிவுகள் வெவ்வேறு நாளில் முடிகின்றன. 2026-ல் ஜூன் 24-ல் தொடங்கி 27 வரை. முதலில் ஆடியவர்கள் குருட்டாம்போக்கில் ஆட வேண்டும். கடைசியில் ஆடுகிறவர்களுக்கு எத்தனை கோல் போதும் என்று முன்னமே தெரியும். யூரோ 2016-ல் அல்பேனியா தன் ஆட்டங்களை முடித்துவிட்டு மூன்று நாள் அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. ஹங்கேரியுடன் போர்ச்சுகல் செய்த 3-3 டிரா அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. களத்தில் நின்று தோற்பது ஒன்று. ஓட்டல் அறையில் தோற்பது வேறு.

கேள்வி: இதற்குப் பதில் மூன்று அணிப் பிரிவுகளாக வைத்திருக்கலாமே?

பதில்: முதலில் அப்படித்தான் திட்டமிட்டார்கள், 16 பிரிவு, தலா 3 அணி. 2023 மார்ச்சில் கைவிட்டார்கள். மூன்று பேர் இருக்கும் பிரிவில் கடைசி ஆட்டத்தின்போது ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆடும் இருவரும் தங்களுக்கு வசதியான முடிவில் நின்றுவிடலாம். 1982-ல் ஸ்பெயினின் கிஹோன் நகரில் நடந்தது அதுதான். அல்ஜீரியா முந்தைய நாளே ஆடி முடித்திருந்தது. மேற்கு ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுமே தேறும். 10-வது நிமிடத்தில் ஹ்ருபெஷ் கோல் போட்டார். மீதி 80 நிமிடம் பந்தைப் பின்னால் உருட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனியை 2-1 என்று வென்றிருந்த அல்ஜீரியா வெளியேறியது. பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் அதற்குப் பிறகு, 1986-ல் வந்தது. அந்த வகையில் நான்கு அணிப் பிரிவுக்குத் திரும்பியது நல்ல முடிவு.

கேள்வி: சின்ன நாடுகளைக் கூட்டி வந்ததால்தானே தரம் குறைகிறது?

பதில்: இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறோம். 2026-க்கு கேப் வெர்டி, குரசாவ், ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் முதன்முறையாகத் தகுதி பெற்றிருக்கின்றன. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் குரசாவ்தான் உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மக்கள்தொகையில் சிறியது. இவர்களைப் பார்க்கத்தான் உலகக் கோப்பை. 2022-ல் மொராக்கோ அரையிறுதி வரை போனதையும், சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வீழ்த்தியதையும் யாராவது அலுப்பு என்று சொல்வார்களா?

2023 பெண்கள் உலகக் கோப்பை இதற்கு நல்ல சாட்சி. அணிகளை 24-லிருந்து 32 ஆக்கினார்கள். ஆனால் மூன்றாம் இடச் சலுகையை எடுத்துவிட்டார்கள். முதல் இருவர் மட்டும். ஜெர்மனி கொலம்பியாவிடம் 2-1 என்று தோற்று, தென்கொரியாவுடன் 1-1 டிரா செய்து, முதல் சுற்றிலேயே போனது. அறிமுக அணியான மொராக்கோ தேறியது. மைதானங்களுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அணிகள் கூடியும் ஆர்வம் கூடியது, ஏனென்றால் வாசல் குறுகலாகவே இருந்தது.

இடங்கள் அதிகமானதன் சேதம் வேறு இடத்தில் தெரிகிறது: தகுதிச் சுற்றில். தென் அமெரிக்காவில் 10 நாடுகள். அதில் 6 நேரடியாகத் தேறும், ஏழாவது அணிக்கும் பிளேஆஃப் என்ற கடைசி வாய்ப்பு ஆட்டம் உண்டு. உலகின் மிகக் கடினமான தகுதிச் சுற்று என்று பெயரெடுத்தது, இப்போது பெரிய அணிகளுக்கு நீண்ட பயிற்சி ஆட்டம் போல ஆகிவிட்டது.

கேள்வி: நேரில் போகத் திட்டமிட்டவர்கள் பலர் பின்வாங்குகிறார்களே, டிக்கெட் விலைதான் காரணமா?

பதில்: பெரும்பாலும். 2022 இறுதி ஆட்டத்துக்கு வெளிநாட்டு ரசிகருக்கான மலிவு டிக்கெட் 600 டாலர் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் ரசிகர் சங்கங்களுக்கு அறிவித்த விலையில், 2026 இறுதி ஆட்டத்தின் மலிவு டிக்கெட்டே 4,185 டாலர். எதிர்ப்பு கிளம்பியதும் 60 டாலர் டிக்கெட் என்று ஒன்றை அறிவித்தார்கள். அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் மைதான இருக்கைகளில் 8 சதவீதம். அந்த 8-ல் பத்தில் ஒரு பங்குக்குத்தான் 60 டாலர் விலை. 70,000 பேர் அமரும் மைதானம் என்றால் ஒரு நாட்டுக்கு 5,600 இருக்கை, அதில் 560 மட்டும்.

தேவைக்கு ஏற்ப விலை ஏறும் முறை போதாதென்று, மறுவிற்பனையிலும் கழிவு உண்டு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம். 1,000 டாலர் என்று போட்ட டிக்கெட்டுக்கு வாங்குபவர் 1,150 கொடுக்கிறார், விற்பவர் கையில் 850 வருகிறது, நடுவில் 300 நிற்கிறது. அணியின் பின்னாலேயே ஊர் ஊராகப் போய்க் கொடி பிடித்துப் பாடுகிற கூட்டம் இந்த விலையில் வராது. அவர்கள் இல்லாத மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கும் சுரத்து குறையும்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. கத்தாரின் எட்டு மைதானங்களும் ஒரே நாளில் சுற்றக்கூடிய தொலைவில் இருந்தன. 2026-ல் வான்கூவரிலிருந்து மயாமி வரை மூன்று நாடுகளில் 16 நகரங்கள்.

கேள்வி: நட்சத்திர வீரர்களே களைத்துப்போய் ஆடுவது போலத் தெரிகிறதே?

பதில்: தெரிவது உண்மைதான். 2024-25 பருவத்தில் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் தொடரின் முதல் சுற்றை 6 ஆட்டத்திலிருந்து 8 ஆக்கினார்கள். கோப்பையை வென்ற பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அந்தத் தொடரில் மட்டும் 17 ஆட்டம் ஆடியது. அதே கோடையில் 32 அணிகளின் கிளப் உலகக் கோப்பை. அதிலும் இறுதிவரை போய் ஜூலை 13-ல் செல்சியிடம் தோற்றது. ஆகஸ்ட் 13-ல் சூப்பர் கோப்பையில் மறுபடி களம். இடையில் சரியாக ஒரு மாதம். அந்த வீரர்கள் அடுத்த கோடையில் தங்கள் நாட்டுக்காக ஓட வேண்டும். உலகக் கோப்பையை வெல்லும் அணி இனி 7 அல்ல, 8 ஆட்டம் ஆட வேண்டும்.

கேள்வி: கோல் விழுந்தவுடன் கத்த முடியவில்லை. வீடியோ நடுவர் என்ன சொல்வாரோ என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பதில்: 2022-ல் அர்ஜென்டினா – சவூதி ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில் (பந்தை அடிக்கும் நொடியில் எதிரணியின் தற்காப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு) போயின. மைதானக் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அளக்கின்றன. பந்துக்குள் இருக்கும் சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்புகிறது. முடிவு சரியாக வருகிறது, சந்தேகமில்லை. சந்தோஷம்தான் ஆறிப்போகிறது. ஒரு உபாயம்: கோல் விழுந்ததும் வீரர்களை விட்டுவிட்டு நடுவரைப் பாருங்கள். நேராக நடுக்கோட்டுக்கு நடந்தால் கொண்டாடலாம். விரலைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் பொறுங்கள்.

கேள்வி: 104 ஆட்டத்தையும் பார்க்க நேரமில்லை. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் வைத்தாலும் 208 மணி நேரம். யாரும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து அதன் ஆறு ஆட்டங்களையும் முழுசாகப் பாருங்கள் (கடைசி இரண்டும் ஒரே நேரத்தில் என்பதால் ஒன்றைப் பிறகு பதிவில்). நான்கு அணியின் குணமும் பிடிபட்டுவிட்டால், ஆறாவது ஆட்டம் உங்களுக்குச் சொந்த ஊர்ப் பிரச்சினை போல ஆகிவிடும். மற்றப் பிரிவுகளில் மூன்றாவது சுற்று மட்டும், அதுவும் கடைசி அரைமணி. பிறகு 32 அணிச் சுற்றின் 16 ஆட்டங்களில் பிடித்தவை, அடுத்த சுற்றின் எட்டிலிருந்து எல்லாமே.

பார்க்கும்போது முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுக் கண்ணை எடுத்து, தற்காப்பு வரிசை எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள். சவூதி அன்று ஜெயித்தது அந்த வரிசையைத் துணிந்து உயர்த்தியதால்தான். இன்னொன்று: 2026-ல் வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பாதியிலும் 22-வது நிமிடம் வாக்கில் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை உண்டு. ஆட்டம் நான்கு துண்டாகிறது. இடைவேளைக்குப் பிந்தைய ஐந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். பயிற்சியாளர் ஆட்டத்தை மாற்றியிருக்கிறாரா என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: முன்பு சேர்ந்து பார்த்த எங்கள் நண்பர் கூட்டம் கலைந்துவிட்டது. மறுபடி சேர்க்க வழி உண்டா?

பதில்: இந்த 48 அணி முறையில் நமக்கு உதவுகிற ஒன்று இருக்கிறது. பிரிவுக் குலுக்கலுக்காக அணிகளைத் தலா 12 அணிகள் கொண்ட நான்கு தொகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால், தொகுப்புக்கு ஒன்றாக ஆளுக்கு நான்கு அணிகளைச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். பெரியது ஒன்று, பெயரே கேள்விப்படாதது ஒன்று. ஆறு பேர்தான் என்றால் தொகுப்புக்கு இரண்டு. பணம் வேண்டாம்.

மதிப்பெண் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெற்றிக்கு மட்டும் மதிப்பெண் வைத்தால், முதல் தொகுப்பில் நல்ல சீட்டு எடுத்தவர் ஒரு வாரத்தில் முன்னேறிவிடுவார், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். அதனால் தொகுப்பு எண்ணையே மதிப்பாக்குங்கள். முதல் தொகுப்பு அணி ஜெயித்தால் 1, நான்காம் தொகுப்பு அணி ஜெயித்தால் 4, டிராவுக்குப் பாதி. நாக் அவுட்டில் எல்லாமே இரண்டு மடங்கு. முன்கூட்டி ஸ்கோர் கணிக்கும் போட்டி வேண்டாம். 72 ஆட்டத்துக்கும் எழுதித் தர யாருக்கும் பொறுமை இருக்காது. குரசாவ் சீட்டு யாருக்கு விழுகிறதோ, அவர் அந்த மூன்று ஆட்டத்துக்கும் கண்டிப்பாக வந்துவிடுவார்.