கூடலூரிலிருந்து வயநாட்டுக் காட்டோரம் போகும்போது உண்ணி கடிக்காமல் இருக்க என்ன செய்வது?

கூடலூரிலிருந்து வயநாட்டுக் காட்டோரம் போகிறீர்கள், சரி. பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வெளிர் நிறத் துணியில் உண்ணி ஏறுவது கண்ணில் படும். டீட் (DEET) என்ற மருந்து கலந்த பூச்சிவிரட்டி தடவலாம். சருகுமேல் உட்காராதீர்கள்.

திரும்பியதும் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறமெல்லாம் தடவிப் பாருங்கள். இளம் உண்ணி கடுகைவிடச் சிறியது, மச்சம் என்றே நினைத்துவிடுவோம். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

டிசம்பர் முதல் மே வரை இன்னும் கவனம் வேண்டும். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட, உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் வயநாட்டிலும் வந்திருக்கிறது. செத்த குரங்கு கிடந்தால் கிட்டே போகாதீர்கள். அதன் உடம்பிலிருந்து இறங்கிய உண்ணிகள் சுற்றிலும் இருக்கும். பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.