ரகசிய முத்திரையைப் போடுபவரே நீதிபதியாகலாமா?

கேள்வி: ரஃபேல் போர் விமான ஒப்பந்தம் பற்றிய கோப்புகளை 'தி இந்து' நாளிதழ் 2019இல் வெளியிட்டபோது, அவை பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது. நாட்டின் பாதுகாப்பு தொடர்பான கோப்புகளை வெளியிட ஒரு பத்திரிகைக்கு உரிமை உண்டா?
— வாசகர், திருச்சி

பதில்: உண்டு என்பதே அந்த வழக்கிலிருந்து தெரியவருவது. ரகசியம் என்று குறிக்கப்பட்ட ஆவணங்கள் வெளியாவதைத் தடுக்க அரசு நிர்வாகத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு எதுவும் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில் இல்லை என்று தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் தலைமையிலான அமர்வு 2019 ஏப்ரல் 10 அன்று தெளிவாகச் சொன்னது. ஒப்பந்தம் பற்றி விசாரணை தேவையில்லை என்ற முந்தைய தீர்ப்பை எதிர்த்த மறுஆய்வு மனுக்கள் அந்த நவம்பரில் தள்ளுபடியாயின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் தவறு உண்டா என்பது வேறு கேள்வி; அதை மக்கள் எழுப்பலாமா என்பது வேறு கேள்வி.

வெளியிடுவதைத் தடுக்க முடியாது என்பதால், வெளியிட்ட பிறகு வழக்கு வராது என்று பொருளல்ல. வெள்ளையர் ஆட்சியில் பிறந்த அந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, ரகசியத்தைக் கொடுத்தவரை மட்டுமல்லாமல், சட்டத்துக்கு மாறாக வந்தது என்று தெரிந்தே பெற்றுக்கொண்டவரையும் தண்டிக்கிறது. எது ரகசியம் என்பதற்கு அதில் வரையறை இல்லை. அதனால் என்ன நேரும் என்பதைப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானியின் வழக்கு காட்டுகிறது. 2002 ஜூனில் டெல்லியில் கைதான அவருடைய கணினியில் இருந்தது, காஷ்மீரில் இந்தியப் படைகளின் நிலை பற்றி வெளிநாட்டில் ஏற்கெனவே வெளியாகி, யாரும் படிக்கக்கூடியதாக இருந்த ஒரு கட்டுரை. அது பொதுவெளியில் கிடைப்பதுதான் என்று ராணுவ உளவுத்துறையே கூறிய பின்னரே அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அவர் திகார் சிறையில் ஏழு மாதங்களைக் கழித்துவிட்டார். யாரோ ஓர் அதிகாரி 'ரகசியம்' என்று சொன்னதற்காக ஒரு மனிதர் இவ்வளவு அனுபவிக்க வேண்டியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகுமா இந்த நிலை?
— வாசகர், மதுரை

பதில்: 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் தீர்வுக்கான வழி இருக்கிறது. வெளியிடுவதால் வரும் கேட்டைவிடப் பொதுநலன் பெரிதாக இருந்தால், ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும் தகவலைத் தரலாம் என்கிறது பிரிவு 8(2). ஆனால் இது மனுப் போட்டுத் தகவல் கேட்பவருக்கு உதவுமே தவிர, 5ஆவது பிரிவின்கீழ் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு நேரடியாக உதவாது. படைகளின் நடமாட்டமும் சங்கேதக் குறியீடுகளும் காக்கப்படத்தான் வேண்டும். ஆயுத ஒப்பந்தத்துக்கு விலை பேசியதும் விதிமுறை தளர்த்தியதும் அந்த வகையில் சேரா. எனவே அதே பொதுநல அளவுகோலை 5ஆவது பிரிவிலும் எழுதி, கேடு விளையும் என்பதை நிரூபிக்கும் பொறுப்பை அரசின் மீது வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் இதற்கும் மேலே போய், ரகசியச் சட்டத்தையே நீக்கும்படி பரிந்துரைத்தது, அது நடக்கவில்லை. முறைகேட்டை உள்ளிருந்து வெளிப்படுத்தும் அதிகாரிகளைக் காக்க 2014இல் இயற்றிய சட்டமும் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. பத்திரிகைக்குச் செய்தி தரும் நேர்மையான ஊழியர் இன்று எந்தத் துணையும் இல்லாமல்தான் நிற்கிறார்.