அப்பாவுக்காக ஜீப்பில் மாற்றிய சீட்டைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: 1994 மாடல் மகிந்திரா ஜீப் ஒன்றைத் துருப்பிடித்த நிலையில் வாங்கி, இரண்டு வருடம் வீட்டுக் கொட்டகையில் வைத்து நானே கட்டி எடுத்தேன். பெரிய டயர், முன்னால் இரும்புக் கம்பி பம்பர் எல்லாம் போட்டேன். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் வராமல் போய்விட்டது. அவர் ஏறி இறங்க முன் சீட்டை வெளிப்பக்கம் திரும்புகிற மாதிரி மாற்றி, தாழ்வான படியும் கைப்பிடியும் வைத்தேன், சக்கர நாற்காலிக்காகப் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டேன். ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வா, இல்லையென்றால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்கிறார் ஆய்வாளர். அப்பாவின் சீட்டையும் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: திரும்பும் சீட்டையே விட வேண்டியதில்லை, அதைப் பொருத்திய விதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஆய்வாளர் சொன்னதில் பாதி சரி. அதனால் அவரோடு சண்டைக்குப் போகாமல், அப்பாவுக்காக என்ன செய்தீர்கள், உங்கள் ஆசைக்கு என்ன செய்தீர்கள் என்று முதலில் பிரித்து எழுதுங்கள். சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 52(1)வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆய்வாளர் சொன்ன கணக்கு இதுதான்.

அதே 2019 திருத்தம்தான் உங்களுக்கான வழியையும் திறந்துவிட்டது. 52(2)ன்படி, உங்கள் பெயரில் உள்ள வண்டியை உடல் குறைபாடு உள்ளவருக்கு ஏற்றபடி மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலை வாங்கலாம். முன் அனுமதி என்று இல்லை, பின்னால் பெறும் ஒப்புதல் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. இந்தச் சலுகை மாற்றுத்திறனாளியே வண்டி ஓட்டினால்தான் என்று பலர் நினைக்கிறார்கள், ஆர்.டி.ஓ அலுவலகத்திலேயே சிலர் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. இப்படி மாற்றிய வண்டி எது என்று அதே சட்டத்தின் 2வது பிரிவு தரும் விளக்கத்தில் அத்தகையவர் 'பயன்படுத்தும், அல்லது அவருக்காகப் பயன்படும்' வண்டி என்றே இருக்கிறது, ஆகவே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற உங்கள் அப்பாவும் அதில் அடங்குவார். மனுவில் இந்த வரியை அப்படியே எடுத்து எழுதுங்கள்.

ஆனால் அந்த விளக்கத்திலேயே 'மட்டும்' என்ற சொல்லும் இருக்கிறது. வண்டி அவருக்காக மட்டும் ஓட வேண்டும். வார இறுதியில் நண்பர்களோடு மலையேறப் போகிற வண்டியும் அதுதான் என்றால், அந்தப் படங்கள் உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் கிடந்தால், நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். இதை யோசித்து முடிவெடுங்கள்.

உங்கள் ஆசைக்குச் செய்தவற்றில் எதையும் இந்தப் பிரிவு காப்பாற்றாது. இரும்புக் கம்பி பம்பர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது. அதைக் கழற்றுங்கள், டயரைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பழைய ஜீப்புகளில் யாரோ எப்போதோ வேறு இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். எண் மாறியிருந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும், அப்புறம் அப்பாவின் சீட்டைப் பற்றிப் பேசவே இடமிருக்காது.

கைப்பிடி, படி இரண்டைப் பற்றியும் அதிகம் கவலைப்படாதீர்கள். வண்டியின் அடிப்படை அமைப்பு மாறினால்தான் அது 'மாற்றம்' என்று 52வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. பின் சீட்டு விஷயம் வேறு, இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் இருப்பதால் அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

இப்போது திரும்பும் சீட்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் சுழலும் தட்டைத் தரைத் தகட்டின் மேலேயே வெல்டிங் வைத்திருக்கிறீர்கள், அடியில் சட்டமோ தாங்கு தகடோ தெரியவில்லை, சீட் பெல்ட்டின் ஒரு முனை சீட்டோடு சேர்ந்தே சுற்றுகிறது. வண்டி ஓரிடத்தில் மோதினால் அந்த மெல்லிய தகடு கிழிந்து சீட்டு அப்படியே முன்னால் வரும், இடது கையால் எதையும் பிடிக்க முடியாத மனிதர் அதில் இருப்பார். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இதை எடுத்துவிட்டு, பரிசோதனைச் சான்றோடு விற்கிற திரும்பும் சீட்டு ஒன்றை நல்ல பட்டறையில் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைத்துப் பொருத்துங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். மாருதி நிறுவனமே வேகன்ஆருக்கு இப்படிப்பட்ட சீட்டை 2025 டிசம்பரில் கொண்டுவந்தது, அதனால் கேட்டறியாத ஒன்றைக் கேட்கிறோமே என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

மாற்றம் செய்த 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 52(3). பழைய வேலைக்கு அந்தக் கெடு போய்விட்டது, தாமதத்தை மறைக்காமல் எழுதுங்கள். புதிய சீட்டுப் பொருத்திய தேதியிலிருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். மனுவோடு ஆர்.சி., கட்டணம், மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான படங்கள், அப்பாவின் மாற்றுத்திறனாளிச் சான்று எல்லாம் போக வேண்டும். சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். அதுவரை வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும், ஆர்.சி. காலாவதியான வண்டியை ரோட்டில் எடுப்பது தனிக் குற்றம்.

இன்சூரன்ஸை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் பெரிய கவலை அதுதான். பழைய வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு விடுகிறவர்கள் அதிகம். தனியார் வண்டியில் அந்தப் பாலிசி உள்ளே பயணிப்பவரைக் காக்காது. அதற்கு வண்டியையும் உள்ளே இருப்பவரையும் சேர்த்துக் காக்கும் பேக்கேஜ் பாலிசி வேண்டும், உச்ச நீதிமன்றம் 2012ல் பாலகிருஷ்ணன் வழக்கில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாருக்காக இந்த வண்டியை மாற்றினீர்களோ அவருக்கே பாதுகாப்பு இல்லாமல் போகக் கூடாது. பழைய வண்டி என்று தயங்குவார்கள், இரண்டு மூன்று கம்பெனியில் கேளுங்கள். மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் குறிக்கச் சொல்லுங்கள், ஏஜென்டிடம் வாயால் சொன்னது க்ளெய்ம் சமயத்தில் நிற்காது.

இவ்வளவும் செய்த பிறகும் மறுத்தால், வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அந்த மனுவில், வாகனங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்ற அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ன் 41வது பிரிவையும் சேர்த்து எழுதுங்கள்.