ஐசியூ நர்ஸ்களுக்கு ஆன்லைன்ல பெயின் மேனேஜ்மென்ட் கோர்ஸ் பண்ணா நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?

கோர்ஸைப் பொறுத்துதாங்க. ஸ்லைடை அப்படியே வாசிச்சுட்டு கடைசில நாலு எம்சிக்யூ வெச்சு சர்டிஃபிகேட் குடுக்குற ரகம்னா ஃபைல்ல வெச்சுக்கலாம், அவ்ளோதான். பேஷண்ட் வீடியோ போட்டு நம்மள ஸ்கோர் பண்ண வெச்சு, அப்புறம் ஏன் அந்த ஸ்கோர்னு சொல்லித்தர்ற கோர்ஸா இருந்தா கண்டிப்பா பண்ணுங்க.

நான் கோயம்புத்தூர்ல ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். வார்டுல "பத்துக்கு எவ்ளோ வலிக்குதுங்கம்மா"ன்னு கேட்டுடலாம், இங்க வாயில ட்யூப், தூங்க வைக்கிற செடேஷன் மருந்து வேற ஓடிட்டிருக்கும், யார்கிட்ட கேக்குறது? அதனால நம்ம ஆளுங்க மானிட்டரைத்தான் பாக்குறாங்க, பல்ஸ் பிபி நார்மல்னா வலி இல்லன்னு முடிவு பண்ணிடுறாங்க. அமெரிக்காவுல இருக்குற ஐசியூ நிபுணர்கள் சங்கமான எஸ்சிசிஎம்மோட 2018 கைட்லைன் வைட்டல்ஸை மட்டும் நம்பாதீங்கன்னு தெளிவா சொல்லுது, அது ஏறுச்சுன்னா போய் ஒழுங்கா பாருங்கங்கிற ஒரு சிக்னல், அவ்ளோதான். பிபிய ஏத்துற நார்அட்ரினலின் மருந்து ஓடுற பேஷண்டோட பிபிய வெச்சு வலியைப் பத்தி என்ன சொல்ல முடியும் சொல்லுங்க.

நான் பண்ண கோர்ஸ்ல உருப்படியா கத்துக்கிட்டது சிபாட் (CPOT) ஸ்கேல், பேச முடியாத பேஷண்டோட வலியைப் பாத்தே அளக்குறது. முகம், உடம்பு அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோட ஒத்துப்போறாரான்னு நாலு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 2, மொத்தம் 8. 3 வந்தாலே வலின்னு எடுத்துக்கணும். படிக்க ஈஸிதான், ஆனா புருவம் லேசா இறங்கி முகம் டைட்டா இருந்தா 1, அதோட கண்ணையும் இறுக்கி மூடி முகத்தைச் சுளிச்சா 2, இந்த வித்தியாசம் எழுத்துல படிச்சா மண்டையில ஏறவே ஏறாது, முகத்தைப் பாத்தாதான் ஏறும். தசை இறுக்கத்துக்கு கையை மெதுவா மடக்கி நீட்டிப் பாக்கணும், இதை எந்த வீடியோவும் சொல்லித்தராது, அதனால டியூட்டில கூட இருக்குற சிஸ்டரோட சேர்ந்து ஒரே பேஷண்டை தனித்தனியா ஸ்கோர் பண்ணி ஒத்துப் பாருங்க.

முக்கியமானது, சும்மா படுத்திருக்கும்போது ஒரு நிமிஷம் பாத்துட்டு, திருப்பிப் போடும்போதும், ட்யூப்ல சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் பண்ணும்போதும் மறுபடி பாக்கணும். ஐசியூ பேஷண்டுக்கு நம்ம கை படும்போதுதான் வலி அதிகமாகும், நெஞ்சுல போட்ட ஐசிடி ட்யூபை எடுக்குறதெல்லாம் பயங்கர வலி. ராத்திரி டியூட்டி டாக்டருக்கு போன் பண்ணி "வலி இருக்கு போல சார்"னா "பாத்துக்கோங்க சிஸ்டர்"னு வெச்சுடுவாங்க, "படுத்திருக்கும்போது 1, திருப்பும்போது 5 சார்"னு சொல்லிப் பாருங்க, ஆர்டர் வரும். ஃபென்டனில்ங்கிற வலி மருந்தை ஐவில குடுத்தா சில நிமிஷத்துலயே வேலை செய்யும், அதனால திருப்பிப் போட்டுட்டு குடுக்காம, முன்னாடியே குடுத்துட்டு அப்புறம் திருப்பலாம். பிபி இறங்குதான்னு ஒரு கண்ணு வெச்சுக்கணும், ட்யூப் இல்லாத பேஷண்ட்னா மூச்சு குறையுதான்னு கூடவே நிக்கணும்.

காசு கட்றதுக்கு முன்னாடி சிலபஸ்ல ஒண்ணு பாருங்க, ஸ்கேல் வேலை செய்யாத பேஷண்டைப் பத்தி இருக்கா? தசையெல்லாம் அசையாம பண்ற அட்ராகியூரியம் மருந்து ஓடுறவருக்கு முகமே அசையாது, சிபாட் 0ன்னு சார்ட்ல எழுதுனா அது பொய், வலி இருக்குன்னே வெச்சு மருந்து ஓடணும். தலைக்காயம் பட்டவங்க பல பேர் முகம் சுளிக்காம, படக்குன்னு கண்ணைத் தொறப்பாங்க, முகம் சிவக்கும், கண்ணுல தண்ணி வரும். இது இல்லாத கோர்ஸ் ஐசியூக்கு ஆகாது.

திருவனந்தபுரம் பாலியம் இந்தியா ஆன்லைன் கிளாஸ் எடுக்குறாங்க, மார்ஃபின் பயம் போறதுக்கு நல்லது, ஆனா அது தீராத நோய் உள்ளவங்களோட வலியைக் குறைக்குற பாலியேட்டிவ் கேர் பக்கம், வென்டிலேட்டர் பேஷண்டுக்கு எஸ்சிசிஎம், இல்லன்னா அமெரிக்க ஐசியூ நர்ஸ்கள் சங்கமான ஏஏசிஎன் சைட்ல தேடுங்க. இங்கிலீஷ்தான், ஆனா நர்ஸிங் படிச்சவங்களுக்குப் புரியுற இங்கிலீஷ்தான். நைட் டியூட்டி முடிஞ்சு வந்து மட்டும் உக்காந்துடாதீங்க, வீடியோ ஓடும், நீங்க தூங்கிடுவீங்க.