எங்கள் குடியிருப்பில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிச் சமூக ஊடகம் பற்றிப் பேச விரும்புகிறேன். சண்டையாகவோ அறிவுரைக் கூட்டமாகவோ மாறாமல் எப்படி நடத்துவது?

யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். திருப்பூரில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து இப்படிச் சிறு கூட்டங்கள் நடத்தி வருகிறேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி இந்த ஒன்றுதான்.

"சமூக ஊடகம் நன்மையா தீமையா" என்று தொடங்கினால் அது பட்டிமன்றம் ஆகிவிடும். பெரியவர் ஒருவர் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக…" என்று ஆரம்பிப்பார். அதோடு அங்கே இருக்கும் இளையவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கடைசியாக எதை, யாருக்கு அனுப்பினீர்கள்? முழுவதும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினீர்களா?" அறுபது வயதுக்காரருக்கும் பதினாறு வயதுக்காரிக்கும் இந்தக் கேள்வி ஒன்றேதான். இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் படிப்போ பேச்சுத்திறமையோ வேண்டாம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு நிகழ்வு போதும். அதுவும் உங்கள் ஊரைத் தொட்ட நிகழ்வாக இருக்கட்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது 2023 மார்ச் மாதம் நடந்ததை. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று அப்போது வீடியோக்கள் பரவின. அப்படிப் பரவிய இரண்டு வீடியோக்களைப் பற்றி அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் அளித்தார். இரண்டுமே முன்பு நடந்தவை. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு தரப்பாகப் பிரிந்து மோதிக்கொண்டது, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் செய்தி தெரிந்திருந்தது. ஆனால் அந்த வாரம் இதே ஊரில் தங்களுக்கு என்ன நடந்தது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

சிறிய பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "என்னிடம் வேலை பார்த்த பையன்களுக்கு அது பொய் என்று தெரியும். இங்கேதானே இருக்கிறார்கள். ஆனால் ஊரிலிருந்து அம்மா போனில் அழுகிறாள். போகாமல் எப்படி இருப்பான்?" அடுத்து, செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மா, அந்த வீடியோக்களில் ஒன்றைத் தானும் தங்கைக்கு அனுப்பியதாகச் சொன்னார். "பாவம், பிழைக்க வந்த பிள்ளைகளை இப்படி அடிக்கிறார்களே என்றுதான் அனுப்பினேன்."

எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. வதந்தியைப் பரப்புகிறவர் வெறுப்பால்தான் பரப்புகிறார் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்த அம்மா இரக்கத்தால் பரப்பினார். மீதி நேரம் முழுவதும் அதைச் சுற்றியே பேச்சு போனது. இரக்கம் வரும்போது சரிபார்க்கத் தோன்றுமா, சரிபார்க்கும்வரை காத்திருப்பது கல்நெஞ்சம் ஆகாதா என்றெல்லாம் கேட்டார்கள். எந்த நிபுணரை அழைத்து வந்திருந்தாலும் அந்த இடத்துக்குப் போயிருக்க மாட்டோம். அந்த அம்மாவை யாரும் குற்றம் சொல்லாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அப்போது என் வேலையாக இருந்தது. நடத்துகிறவர் மிகக் குறைவாகப் பேச வேண்டும். கேள்வி கேட்டபின் வரும் மௌனத்தை நீங்களே நிரப்பிவிடாதீர்கள். காத்திருந்தால் யாராவது பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: அடிதடி வீடியோவை அங்கே ஓட்டிக் காட்டாதீர்கள். பார்த்த நொடியே பதற்றம் தொற்றிக்கொள்ளும், பேச்சு நின்றுவிடும். நடந்ததை வாயால் சொன்னாலே போதும்.

பேச்சுக்கு நடுவே கொஞ்சம் கைவேலையும் வேண்டும். சில இடங்களில் போன்களைக் கூடையில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நான் அதற்கு எதிரானவன். பேசுவதே அதைப் பற்றித்தான் என்னும்போது அது கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பைத் திறந்து, இரட்டை அம்புக்குறி போட்ட ஒரு செய்தியைத் தேடச் சொல்லுங்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கை மாறி வந்த செய்தி என்பதற்கான அடையாளம் அது. வருடக்கணக்கில் வாட்ஸ்அப் பயன்படுத்துகிறவர்கள்கூட அதைக் கவனித்திருக்கவில்லை. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பே, 2018 ஜூலையில், இந்தியாவில் எந்தச் செய்தியையும் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். குழந்தை கடத்தல் வதந்தியால் நாடு முழுவதும் கொலைகள் நடந்த ஆண்டு அது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து ஊர் திரண்டு அடித்ததில் வயதான பெண் ஒருவர் இறந்தது அந்த ஆண்டு மே மாதத்தில்தான். அந்த அம்புக்குறிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது என்று தெரிந்தபின் அதை யாரும் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள்.

பிறகு ஒரு புகைப்படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு, இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். திட்டு வாங்குகிற இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு அவர்கள் வந்துவிட்டால், அதற்கப்புறம் தயங்காமல் பேசுவார்கள்.

இனி ஏற்பாடு. சிறப்பு விருந்தினர் வேண்டாம், மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். ஒருவரை மேடையில் உட்காரவைத்த உடனே மற்றவர்கள் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள். மொட்டை மாடியிலோ குடியிருப்பின் பொது அறையிலோ ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதே வட்டத்தில் நாற்காலி. பன்னிரண்டு பேர் வரை சரி, அதற்கு மேல் போனால் மூலையில் தனிப் பேச்சு தொடங்கிவிடும். இரண்டு மணி நேரம், நடுவில் டீயும் ஏதாவது பலகாரமும். எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக்கூடாது என்ற விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேசியது இங்கேயே இருக்கட்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தைப் படம் எடுத்துக் குடியிருப்பின் குழுவில் போட்டால், அடுத்த முறை யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

பெண்பிள்ளைகள் வருவதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். முகம் தெரியாதவர்கள் அனுப்பும் செய்திகள், படத்தை மாற்றி மிரட்டுவது போன்றவற்றை அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சொல்லவைக்க முயலவும் கூடாது. பெண்கள் மட்டும் கூடும் நாள் ஒன்றைத் தனியாக வையுங்கள். அதை ஒரு பெண் நடத்தட்டும். குழந்தைகளுக்கான 1098, இணையக் குற்றங்களுக்கான 1930 ஆகிய உதவி எண்களை எழுதி எல்லாரிடமும் கொடுத்துவிடுங்கள். யாருக்குத் தேவை என்று கேட்க வேண்டியதில்லை.

"பிள்ளைகளுக்குத் தடை போட்டுவிடலாமே" என்று எப்படியும் ஒருவர் சொல்வார். அதை மறுக்காதீர்கள், நல்ல வாய்ப்பு அது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், யூடியூப், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வாட்ஸ்அப் அதில் சேரவில்லை. இதைச் சொல்லிவிட்டு, நம் வீட்டில் அப்படி வந்தால் நாளை காலை என்ன மாறும் என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எனக்குப் புரியாத கணக்கை யூடியூபில்தான் பார்க்கிறேன், டியூஷனுக்கு யார் பணம் கட்டுவது?" என்று கேட்டாள். தடை வேண்டும் என்று சொன்னவர் அவளுடைய பெரியப்பாதான். அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அவள் பார்ப்பது கணக்கு இல்லையே என்று அவர் திருப்பிக் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதை அவளும் ஒத்துக்கொண்டாள். இருவருமே கட்சி மாறவில்லை. மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நீங்கள் பயப்படும் அரசியல் சண்டைக்கு வருகிறேன். தேர்தல் நெருங்கும் மாதத்தில் முதல் கூட்டத்தை வைக்காதீர்கள். கட்சி ஐ.டி. பிரிவுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எதிர்க் கட்சி பரப்பிய பொய்யைச் சொல்ல யாரையும் விடாதீர்கள். தான் ஆதரிக்கும் கட்சியின் பெயரால் வந்து, தானே நம்பிவிட்ட ஒன்றை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.