நீக்குங்கள், நீக்கியதைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் யாரும் எதையும் தடுக்கக் கூடாது என்பதுபோலவே எழுதி வருகிறீர்கள். அங்கே பொய்யும் அவதூறும் கொடிகட்டிப் பறக்கின்றன. கேவலமான வசைக்கு ஆளாகி ஒடிந்துபோனவர்களை நான் அறிவேன். அவர்களிடம் போய்க் கருத்துச் சுதந்திரம் பேசுவீர்களா? அசிங்கத்தைத் தூக்கி எறியும் அதிகாரம் அரசிடம் இருந்தால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

யாரும் எதையும் தடுக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவள் சம்மதமின்றி ஏற்றுகிறவனுக்கும், ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்டு அடிக்க ஆள் திரட்டுகிறவனுக்கும் கருத்தின் பெயரால் எந்தச் சலுகையும் கிடையாது. உடனே நீக்கட்டும். நான் மல்லுக்கு நிற்பது வேறொன்றுக்காக: நீக்குகிறவர்கள் நீக்கியதை மறைக்கக் கூடாது.

ஒரு பக்கத்தைத் தேடிப் போகிறீர்கள். 404, அதாவது ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. எழுதியவரே அழித்தாரா, முகவரி மாறிவிட்டதா, மேலிடத்து உத்தரவா, ஒன்றும் தெரியாது. இதற்காகவே இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, சட்டக் காரணத்தால் தடுக்கப்பட்ட பக்கங்களுக்கு 451 என்ற தனி எண்ணை 2016இல் வெளியிட்டது. புத்தகங்களை எரிக்கும் தேசத்தைப் பற்றிய ரே பிராட்பரியின் நாவல் தலைப்பில் உள்ள எண் அது. (பொறியாளர்களும் நாவல் படிக்கிறார்கள்!) அந்த எண்ணை அறிவித்த ஆவணத்தில் உள்ள மாதிரி அறிவிப்பு இன்னும் குறும்பானது: ரோமப் பேரரசின் யூதேயா மாகாணத்தில், இன்ன சட்டப்படி, ‘யூதேயா மக்கள் முன்னணி’ (ஒரு நகைச்சுவைப் படத்தில் வரும் கற்பனை இயக்கம்) நடத்தும் தளங்களைப் பார்க்க அனுமதியில்லை என்கிறது. சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். எங்கே தடை, எந்தச் சட்டத்தில் தடை, யாருக்குத் தடை என்ற மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. எதிர்த்து வழக்குத் தொடர நினைப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

தடுக்கச் சொல்லும் அதிகாரம், தடுத்ததையும் வெளியே சொல்லாதே என்று உத்தரவிடக்கூடும் என்பதையும் அதே ஆவணம் ஒப்புக்கொள்கிறது. இது வெறும் ஊகம் அல்ல. இந்தியாவில் இணையத் தடைக்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, வந்த புகார்களையும் எடுத்த நடவடிக்கைகளையும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கச் சொல்கிறது. உத்தரவைக் கண்ணாலேயே பார்க்காதவர் எதை எதிர்த்து வாதாடுவார்?

அதிகாரம் இருந்தால் என்ன என்கிறீர்கள். இருந்ததைப் பார்த்தோமே! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. எது புண்படுத்துகிறது என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவை ரத்து செய்தது. விவாதிப்பதும் ஒரு கொள்கைக்காக வாதிடுவதும் வேறு, வன்செயலுக்குத் தூண்டிவிடுவது வேறு என்று பிரித்தும் காட்டியது. அதே தீர்ப்பு 2009 விதிகளைச் செல்லும் என்று விட்டுவிட்டதில் எனக்கு இன்றுவரை மனக்குறை உண்டு.

சமூக ஊடக நிறுவனங்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். பதிவை நீக்குவதில்லை; யார் கண்ணிலும் படாமல் அமுக்கிவிடுவார்கள். எழுதியவர் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இப்படி அமுக்குவதற்கும் எழுதியவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. புகார் கொடுத்தவருக்கும் முடிவைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் அறிந்த அந்த மனிதர்களிடம் நான் பேசுவதும் இதைத்தான்: உங்கள் புகாரை ஏற்றார்களா, ஏற்கவில்லையென்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.